ஃப்ரீசருக்கு வாங்கிய வெப்பமானி: ஆறு மாத அனுபவம்

உறைந்திருந்து இளகிய மீனையோ இறைச்சியையோ மறுபடியும் ஃப்ரீசரில் வைக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், எங்கள் வீட்டில் ஒருவர் மோந்து பார்ப்பார், இன்னொருவர் விரலால் அழுத்திப் பார்ப்பார். நோயை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றுக்கு வாடையே இல்லை என்பதால் இரண்டு சோதனைகளும் வீண்தான். இந்த வழக்கத்தை விட்டொழிக்கவே, இரண்டு சென்சார்கள் கொண்டதும், பதிவான மிக உயர்ந்த, மிகக் குறைந்த வெப்பநிலைகளை நினைவில் வைத்திருப்பதுமான ஒரு டிஜிட்டல் வெப்பமானியை வாங்கினேன்.

திரை, காந்தத்தால் கதவின் வெளிப்புறம் ஒட்டிக்கொள்கிறது. தட்டையான இரு ஒயர்கள் கதவின் ரப்பர் விளிம்பைத் தாண்டி, ஒன்று ஃப்ரீசருக்குள்ளும் மற்றொன்று ஃப்ரிட்ஜின் நடுத்தட்டுக்கும் செல்கின்றன. வாங்கிய அன்றே, நொறுக்கிய ஐஸில் சிறிது தண்ணீர் விட்டு, இரண்டு சென்சார்களையும் அதில் அமிழ்த்திப் பார்த்தேன். 0 காட்ட வேண்டிய இடத்தில் ஒன்று 0.3 என்றும் மற்றொன்று 0.6 என்றும் காட்டின; வீட்டுத் தேவைக்கு இந்தப் பிழை பெரிதல்ல.

ஃப்ரீசர் −18 டிகிரியில் இருக்கிறதா என்று பார்க்கத்தான் இதை வாங்கினேன். ஆனால் அதிகம் பயன்பட்டது ஃப்ரிட்ஜில் இருக்கும் சென்சார்தான். ஃப்ரீசரின் குளிர், பாக்டீரியாக்களின் பெருக்கத்தை நிறுத்துமே தவிர அவற்றைக் கொல்வதில்லை. ஆகவே மறுபடியும் உறையவைக்கும் பொருள், இளகியிருந்த நேரத்தில் எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதே முக்கியம். 4 டிகிரிக்கு மேற்படாத ஃப்ரிட்ஜுக்குள் இளகிய இறைச்சியை, ஓரிரு நாட்களுக்குள் சமைக்காமலேயே திரும்ப உறையவைக்கலாம் என்று அமெரிக்க வேளாண்மைத் துறை கூறுகிறது. தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கியதைச் சமைத்த பிறகே உறையவைக்க வேண்டும்; வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைக் கழித்துவிட வேண்டும். நானோ, குமிழை நடுவில் திருப்பி வைத்துவிட்டு எல்லாம் சரியாக இருப்பதாக நம்பியிருந்தேன். முதல் நாள் இரவில் திரை காட்டியது 8 டிகிரி. ‘ஃப்ரிட்ஜிலேயே இளக்கியதுதானே’ என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்ட சமாதானத்துக்குப் பொருளே இல்லாமல் போயிற்று.

குறைகளும் உண்டு. ஐஸ் படியாத வகை ஃப்ரீசர்கள் அவ்வப்போது தாமாகவே சற்றுச் சூடேறிப் பனியை உருக்கிக்கொள்ளும். உணவு உறைந்தே இருக்க, காற்றின் சூட்டை மட்டும் கண்டு அலாரம் நள்ளிரவில் கூவிவிடும். கிளிசரின் நிரப்பிய சின்னக் குப்பிக்குள் சென்சாரை நுழைத்த பிறகுதான் அது ஓய்ந்தது. இந்த யோசனை கையேட்டில் இல்லை.

பெரிய குறை வேறு. வெளியூர் சென்று திரும்பியபோது, இடையில் நீண்ட மின்வெட்டு இருந்ததாக அறிந்தேன். நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காதவரை ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். எங்களுடையது பாதிகூட நிறைந்திருக்கவில்லை. திரையில் அப்போது −18 இருந்தது, நினைவிலோ 9 டிகிரி பதிவாகியிருந்தது. 4 டிகிரிக்குள் நின்றிருந்தால் கவலையில்லை. 9 டிகிரிக்கு ஏறியது இருபது நிமிடங்களா, பத்து மணி நேரமா என்பதை இக்கருவி சொல்லாது. உதிரி உதிரியாக இருந்த பட்டாணி ஒரே கல்லாக இறுகியிருந்ததைக் கண்டு, மீனையும் இறைச்சியையும் எறிந்தேன். நன்றாகச் சமைத்தால் போதாதா என்று வீட்டில் கேட்டார்கள். சில பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் நச்சு கொதிநிலையிலும் அழியாது.

ஃப்ரிட்ஜின் உண்மையான வெப்பநிலையை அறிய விரும்புவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மின்வெட்டு அடிக்கடி நேரும் வீடுகளுக்கு, நேரத்தையும் சேர்த்துப் பதிவுசெய்யும் வகையே ஏற்றது.