மருமகன், விருந்தாளி, தத்துப்பிள்ளை: பிளாக்ஃபீட் மக்களை யார் வழியாகப் படிப்பது?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ராக்கி மலையடிவாரத்துப் புல்வெளியில் வாழ்கிறவர்கள் பிளாக்ஃபீட் மக்கள். அங்குள்ள பிரிவினருக்குப் பிக்குனி என்று பெயர். காட்டெருமைதான் அவர்களுக்குச் சோறு, போர்வை, கூடாரம் எல்லாம். அந்த வாழ்க்கை முடிவுக்கு வந்த காலத்தில் அவர்களோடு பழகி எழுதியவர்கள் என்று மூன்று வெள்ளைக்காரர்களைச் சொல்வார்கள்: ஜேம்ஸ் வில்லர்ட் ஷூல்ட்ஸ், ஜார்ஜ் பேர்ட் கிரின்னல், வால்ட்டர் மெக்ளின்டாக். மூவரின் முக்கியமான புத்தகங்களும் காப்புரிமை முடிந்து இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சரி, எதை முதலில் எடுப்பது?

யார் எழுதியதில் தகவல் அதிகம் என்று பார்ப்பதைவிட, அந்தக் கூடாரத்துக்குள் யார் என்ன உறவில் உட்கார்ந்தார் என்று பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஷூல்ட்ஸ் அந்த வீட்டு மருமகன். கிரின்னல் விருந்தாளி. மெக்ளின்டாக் தத்துப்பிள்ளை.

முதலில் மருமகன். 1859இல் நியூயார்க் மாநிலத்தின் பூன்வில்லில் பிறந்த ஷூல்ட்ஸ், பதினெட்டு வயது நிறையும் முன்பே, 1877இல், மொன்டானாவுக்குப் போனார். ஜோசப் கிப் என்ற வியாபாரியோடு சேர்ந்துகொண்டார். பிக்குனிப் பெண் ஒருத்தியை மணந்தார். அப்பிக்குனி என்று பெயரும் பெற்றார். 1907இல் வந்த 'மை லைஃப் ஆஸ் அன் இண்டியன்' புத்தகத்தில் அவர் மனைவியின் பெயர் நடாகி. கிப்பின் பெயரைப் பெர்ரி என்று மாற்றியிருக்கிறார்.

இந்த நடாகி யார் என்று தெரிந்துகொண்டு படித்தால் புத்தகமே வேறாகிவிடும். 1870 ஜனவரி 23, விடியற்காலை. மரியாஸ் ஆற்றங்கரையில் ஹெவி ரன்னர் என்ற தலைவரின் முகாம் பெரியம்மையில் படுத்துக் கிடந்தது. மேஜர் யூஜின் பேக்கரின் படை மேட்டின் மேல் வந்து நின்றது. வழிகாட்டியாக வந்தவர் இதே ஜோசப் கிப்தான். இது நாம் தேடி வந்த முகாம் இல்லை என்று அவர் கத்தினார். யாரும் கேட்கவில்லை. தான் நல்லவன் என்று அரசு கொடுத்த காகிதத்தைக் கையில் ஏந்தியபடி வெளியே வந்த ஹெவி ரன்னரைச் சுட்டார்கள். படை சொன்ன கணக்கு 173 பேர். தான் எண்ணியது 217 என்று கிப் பின்னாளில் சொன்னார். செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அன்று தப்பிய சிறுமிகளில் ஒருத்திதான் நடாகி. படைக்கு வழிகாட்டியவர், அந்தக் குண்டுகளுக்குத் தப்பியவள், அவளை மணந்த வெள்ளைக்காரன் மூவரும் பின்னர் ஒரே வியாபாரக் கோட்டையில் வாழ்ந்தார்கள். இப்படி ஒரு வீட்டுக்குள்ளிருந்து எழுதும் வாய்ப்பு மற்ற இருவருக்கும் கிடைக்கவில்லை.

அதே நேரத்தில், ஷூல்ட்ஸை வரலாறாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். ஆண்டுகள் இடம் மாறும், அடுத்தவருக்கு நடந்தது அவருக்கு நடந்ததுபோல் வரும். பேச்சுகளைக் கதைசொல்லியின் உரிமையோடு எழுதுகிறார். ஒரு தேதியைக்கூட அவரை மட்டும் நம்பி எடுத்தாள மாட்டேன். ஆனால் பிக்குனிகள் எப்படிச் சிரிப்பார்கள், புருஷனும் பெண்சாதியும் எதற்குச் சண்டை போடுவார்கள், கிழவிகள் எதைக் கிண்டல் செய்வார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் அவரை விட்டால் ஆள் இல்லை.

விருந்தாளி நேர் எதிர். கிரின்னல் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' பத்திரிகையின் ஆசிரியர். ஷூல்ட்ஸ் அனுப்பிய கட்டுரையைப் படித்துவிட்டு 1885இல் மலைகளைப் பார்க்க வந்தார். வழிகாட்டியாகப் போனவரும் ஷூல்ட்ஸ்தான். அப்புறம் அடிக்கடி வந்தார். 1892இல் வந்த 'பிளாக்ஃபுட் லாட்ஜ் டேல்ஸ்' ஒழுங்கான புத்தகம். முதலில் கதைகள், பிறகு அந்த மக்களின் வாழ்க்கை முறை. காட்டெருமை மந்தையை மலை விளிம்புக்கு விரட்டி வீழ்த்தும் பிஸ்குன் முறை முதல் வழிபாடு வரை எல்லாம் இருக்கிறது.

கதைகளுக்காகவே அதைப் படிக்கலாம். நாப்பி என்ற ஆதிக்கிழவன் தன் போர்வையைக் கழற்றி ஒரு பாறைக்குத் தானம் செய்கிறான். மழை வந்ததும் திருப்பிக் கேட்கிறான். கொடுத்ததைத் தர முடியாது என்கிறது பாறை. பிடுங்கிக்கொண்டு போகிறான். பின்னால் ஏதோ உருளும் சத்தம்! பாறை துரத்துகிறது. கடைசியில் பறவைகள் வந்து அதை உடைத்துத்தான் அவனைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. கனடாவின் ஒக்கடோக்ஸ் ஊருக்கு அருகே பிளந்து கிடக்கும் பெரும்பாறையைக் காட்டி இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

மருமகனுக்கும் விருந்தாளிக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு வழக்கத்தில் தெரிந்துவிடும். பிக்குனிகளிடையே மருமகன் மாமியாரின் முகத்தைப் பார்க்கக் கூடாது, பேசவும் கூடாது. கிரின்னலுக்கு அது குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு விதி. ஷூல்ட்ஸுக்கோ அது தினம் கடக்க வேண்டிய வாசல்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கிரின்னல் அந்த மக்களுக்கு உண்மையிலேயே உதவியவர். காட்டெருமை அற்றுப்போன பின் 1883-84 குளிர்காலத்தில் பட்டினி வந்தது. ஆல்மோஸ்ட் எ டாக் என்ற முதியவர் ஒவ்வொரு சாவுக்கும் ஒரு குச்சியில் ஒரு வெட்டு வைத்தார். மொத்தம் 555 வெட்டுகள். சுமார் 2500 பேரில் கால்வாசிக்கு மேல் செத்தார்கள் என்பது கிரின்னல் தனியே பதிவு செய்த கணக்கு. ஆனால் 1895இல் மலைப்பகுதியை அரசு விலைக்கு வாங்கியபோது அரசுத் தரப்பில் உட்கார்ந்த மூன்று பேரில் அவரும் ஒருவர். பிக்குனிகள் கேட்டது 30 லட்சம் டாலர், முடிந்தது 15 லட்சத்துக்கு. 'சீஃப் மவுண்டன் என் தலை. இப்போது என் தலை வெட்டப்பட்டுவிட்டது' என்றார் தலைவர் ஒயிட் காஃப். அந்த நிலம் 1910இல் கிளேசியர் தேசியப் பூங்காவானது. அங்கே ஒரு பனிப்பாறைக்குக் கிரின்னல் பெயர். ஷூல்ட்ஸோ 1926இல், பூங்காவின் மலைகளுக்கும் ஆறுகளுக்கும் பிளாக்ஃபீட் பெயர்கள் என்ன என்று தனியே ஒரு புத்தகம் போட்டார். இந்த ஒரு இடத்தில் நான் மருமகன் பக்கம்.

தத்துப்பிள்ளையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிட்ஸ்பர்க்காரரான மெக்ளின்டாக் 1896இல் காடுகளை ஆய்வு செய்ய வந்த குழுவோடு வந்தார். மேட் வுல்ஃப் என்ற பெரியவர் அவரை மகனாக ஏற்றுக்கொண்டார். 'தி ஓல்ட் நார்த் ட்ரெயில்' 1910இல் வந்தது. சடங்குகளை அருகில் உட்கார்ந்து பார்த்த நிதானம் அதில் இருக்கிறது. அவர் எடுத்த புகைப்படங்கள் இன்று யேலில் இருக்கின்றன. குறை என்னவென்றால், அப்போது பெரும்பாலான பிக்குனிகள் மரவீடுகளுக்குக் குடிபோய்விட்டார்கள். அவர் கண் கூடாரங்களையே தேடியது. பசி, ரேஷன், வேலி எல்லாம் படத்துக்கு வெளியே போய்விட்டன.

ஆகவே ஷூல்ட்ஸில் தொடங்குங்கள். நடாகியின் சாவோடு புத்தகம் முடியும்போது இரண்டு நாள் விட்டுவிட்டு, கிரின்னலின் கதைகளுக்குப் போங்கள். மெக்ளின்டாக்கைப் படங்களோடு சேர்த்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நான்காவதாக ஒருவர். அவர் விருந்தாளியும் இல்லை, தத்துப்பிள்ளையும் இல்லை, வீட்டுப் பிள்ளை. ஜேம்ஸ் வெல்ச், பிளாக்ஃபீட் மக்களுக்கென்று ஒதுக்கிய காப்புநிலத்தின் பிரௌனிங் ஊரில் 1940இல் பிறந்தவர். 1986இல் வந்த 'ஃபூல்ஸ் க்ரோ' நாவலில் மரியாஸ் படுகொலைக்கு முந்தைய நாட்களைப் பிக்குனி இளைஞன் ஒருவனின் கண்ணால் எழுதினார். நடாகி தப்பிய அதே ஜனவரி காலையில் வெல்ச்சின் கொள்ளுப்பாட்டியும் அந்த முகாமிலிருந்து உயிர் தப்பியிருந்தார்.