ஸ்பெக்கை எங்கே வைப்பது: அதே ஃபைலிலா, தனி நேம்ஸ்பேஸிலா, தனி ஜாரிலா?

குளோஷர் என்னும் நிரலாக்க மொழியில் சின்ன லைப்ரரி ஒன்றை எழுதி, ஃபங்ஷன்களுக்கு ஸ்பெக்கும் (டேட்டா எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிகள்) எழுதியாயிற்று. வெளியிடும் முன் அந்த ஸ்பெக்குகளை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய வேண்டும்.

ஃபங்ஷனுக்குப் பக்கத்திலேயே வைத்தால் படிப்பவருக்கு வசதி. ஒன்றைத் திருத்தும்போது மற்றது கண்ணில் படும். ஆனால் லைப்ரரியை லோட் செய்பவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஸ்பெக் கூடவே வரும். ஸ்பெக் அறிமுகமானது 2017 டிசம்பரில் வந்த 1.9 பதிப்பில்தான்; அதற்கு முந்தைய குளோஷரையும் ஆதரிக்க வேண்டுமென்றால் இந்த வழி சிக்கல்தான்.

எனக்குப் பிடித்தது, அதே ஜாருக்குள் (லைப்ரரியைக் கட்டி வெளியிடும் பொதிக்குள்) தனி நேம்ஸ்பேஸ், அதாவது தனிப் பெயரோடு ஒரு ஃபைல். டேட்டாபேஸுக்கான குளோஷர் லைப்ரரியான ஜாவா.ஜேடிபிசி அப்படித்தான் செய்தது. பழைய குளோஷரில் இருந்தவர்கள் அந்த ஒரு ஃபைலைத் தொடாமலே லைப்ரரியைப் பயன்படுத்தினார்கள். அதற்குப் பின் வந்த நெக்ஸ்ட்.ஜேடிபிசியும் அதே வழிதான். வேண்டியவர் ஸ்பெக் நேம்ஸ்பேஸை லோட் செய்து இன்ஸ்ட்ருமென்ட் செய்துகொள்ளலாம், அதாவது ஃபங்ஷனை அழைக்கும்போது ஸ்பெக்கைச் சோதிக்கும்படி இயக்கிக்கொள்ளலாம். ஃபங்ஷன் ஸ்பெக் எப்படியும் இன்ஸ்ட்ருமென்ட் செய்த பிறகுதான் வேலை செய்யும் என்பதால் இது பொருத்தமான ஏற்பாடு. மேக்ரோ (கம்பைல் ஆகும்போது வேறு கோடாக, அதாவது நிரலாக, விரிவது) மட்டும் விலக்கு. அதன் ஸ்பெக் லோட் ஆகியிருந்தாலே, மேக்ரோ விரியும்போதெல்லாம் சோதனை நடக்கும். பழைய பதிப்புகளைக் கைவிடலாம் என்றால் மேக்ரோ ஸ்பெக்கை மேக்ரோவோடே வையுங்கள்.

இதில் ஒரு கண்ணி உண்டு. ஸ்பெக்கின் பெயராக இரட்டை முக்காற்புள்ளி (::) போட்டு எழுதிய கீவேர்டு, அது இருக்கும் நேம்ஸ்பேஸின் பெயரை எடுத்துக்கொள்ளும். நாளைக்கு ஸ்பெக்கை வேறு ஃபைலுக்கு நகர்த்தினால் பெயரே மாறிவிடும்; அந்தப் பெயரை நம்பி எழுதியவர்களின் கோடு உடையும். ஆகவே முதல் வெளியீட்டிலேயே லைப்ரரியின் பெயரோடு கீவேர்டை முழுசாக எழுதிவிடுங்கள். அப்புறம் எங்கே நகர்த்தினாலும் பயமில்லை.

தனி ஜார்? குளோஷர் தன் மேக்ரோ ஸ்பெக்குகளை கோர்.ஸ்பெக்ஸ்.ஆல்ஃபா என்று தனியாகத்தான் வெளியிடுகிறது. மொழிக்கு அது சரி. சின்ன லைப்ரரிக்கு இரண்டு பதிப்பு எண்களை ஒத்துப்போக வைப்பது வீண் சுமை.

உங்கள் ஃபங்ஷனே உள்ளே ஸ்பெக்கை வைத்து டேட்டாவைச் சரிபார்க்கிறது என்றால் மூலக் கோடு ஸ்பெக் நேம்ஸ்பேஸை லோட் செய்தாக வேண்டும். ஸ்பெக்கும் பதிலுக்கு மூலத்தை லோட் செய்தால் சுழல் சார்பு என்று குளோஷர் மறுத்துவிடும். அப்போது டேட்டா ஸ்பெக்குகளை எதையும் சாராத ஒரு ஃபைலிலும், ஃபங்ஷன் ஸ்பெக்குகளை இன்னொன்றிலும் பிரித்துவிடுங்கள்.