பைத்தானின் ‘பெப்’ வார்ப்புரு: எழுதிப் பார்த்தபின் ஒரு மதிப்புரை

பைத்தான் என்னும் நிரல்மொழியில் பெரிய மாற்றம் எதையும் கோருபவர் ‘பெப்’ எனப்படும் மேம்பாட்டு முன்மொழிவை எழுத வேண்டும் என்ற முறை 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கான வார்ப்புரு 12-ஆம் எண் பெப்பாகவே கிடைக்கிறது. நான் பங்களிக்கும் வேறொரு சிறிய திறமூல (நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய) திட்டத்தில் அமைப்புக் கோப்பின், அதாவது மென்பொருளின் விருப்பத்தேர்வுகளைக் குறிக்கும் கோப்பின், வடிவத்தை மாற்றக் கோர வேண்டியிருந்தபோது, அந்த வார்ப்புருவை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

சுருக்கத்தையும் காரணத்தையும் எவரும் நிரப்பிவிடலாம்; வார்ப்புருவின் அருமை பின்பாதியில்தான் தெரிகிறது. பழைய பதிப்புகளோடு ஒத்துப்போவது பற்றிய பகுதியில் “எதுவும் பாதிக்கப்படாது” என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். ஆனால், இதைப் பிறருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்கும் பகுதிக்காக ஓர் எடுத்துக்காட்டு எழுதியபோது, மதிப்பு தராமல் விட்ட இடம் பழைய வடிவத்தில் இயல்பு மதிப்பையும் (தானாக எடுத்துக்கொள்ளப்படுவது) புதிய வடிவத்தில் வெற்றுச் சரத்தையும் (எழுத்தே இல்லாத உரை) குறிக்கும் என்பது கண்ணில் பட்டது. அந்த ஒரு வரியை அழித்துவிட்டு அரைப் பக்கம் எழுத வேண்டியதாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது, கைவிட்ட யோசனைகளைக் காரணத்தோடு பதியச் சொல்லும் பகுதி. நிராகரிக்கப்பட்ட பெப்புகளும் இதே போல எண்ணோடு பாதுகாக்கப்படுகின்றன. ரோமன் எண்களைச் சேர்க்கக் கோரிய 313-கூட இன்னும் இருக்கிறது. ஒரு மதிப்பைப் பொறுத்துப் பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ‘ஸ்விட்ச்’ கூற்றுக்கான 3103-ஐ எழுதியவர் பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராசமே. 2007-இல் பைத்தான் பயனர்களின் பைகான் மாநாட்டில் தம் உரைக்கு நடுவே கருத்துக் கேட்டு, ஆதரவில்லை என்று கண்டதும் தாமே அதை நிராகரித்து இரண்டு வரியில் குறித்துவைத்தார். அதே தேவை வேறு உருவெடுத்து, 634-ஆம் பெப் வழியாக 2021-இல் 3.10 பதிப்பில் ‘மேட்ச்’ கூற்றாக வந்து சேர்ந்தது.

குறைகளும் உண்டு. பைத்தானை உருவாக்கிப் பராமரிக்கும் மையக் குழுவில் இல்லாதவர் தம் முன்மொழிவுக்கு அக்குழுவிலிருந்து ஓர் ஆதரவாளரைப் பெற்றாக வேண்டும். புதியவருக்கு இது எழுதுவதைவிடக் கடினம். நாலைந்து பேர் நடத்தும் திட்டத்துக்கு முழு வார்ப்புருவும் குருவி தலையில் பனங்காய்தான். தவிர, எவ்வளவு செம்மையான படிவமும் மனக்கசப்பைத் தடுத்துவிடாது: கோவைக்கு நடுவிலேயே மாறிக்கு மதிப்பளிக்க ‘:=’ குறியைக் கொண்டுவந்த 572-ஆம் பெப் மீதான சச்சரவுக்குப் பின் 2018 ஜூலையில் கைடோ தலைமையிலிருந்து விலகினார். இப்போது முடிவெடுப்பது ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு.

எழுதத் தொடங்கும் முன் ஒரு மாதிரியைப் படிக்க விரும்புவோருக்கு, ஆங்கிலமல்லாத எழுத்துகளிலும் பெயரிட வழிசெய்த 3131-ஐப் பரிந்துரைப்பேன். அளவில் சிறியது, எதிர்ப்புகளையும் மறைக்காமல் எடுத்துச் சொல்கிறது. ‘வட்டி = அசல் * வீதம்’ என்று தமிழிலேயே மாறிகளுக்குப் பெயரிட்டு எழுதினால் பைத்தான் 3 ஏற்றுக்கொள்வது அதனால்தான்.