மரங்களை அளந்த நான்காண்டுகள்: நாடாவும் கைப்பேசியும்

மலேசியாவின் பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் குடியிருப்பான தாமானைச் சுற்றியுள்ள 63 மரங்களை 2021 முதல் ஆண்டுதோறும் அளந்து வருகிறோம். அளவுநாடா, கைப்பேசிச் செயலி, எண் தகடு ஆகிய மூன்றையும் இத்தனை நாள் பயன்படுத்தியதில் நான் மிகவும் நம்புவது நாடாவைத்தான். அதுவும் ஒரே உயரத்தில் சுற்றினால் மட்டுமே.

முதல் ஆண்டில் "மார்பளவு உயரம்" என்று மட்டும் சொல்லி ஆளுக்கொரு நாடாவைக் கொடுத்துவிட்டோம். மறு ஆண்டு, உணவுக்கடைக்குப் பின்னால் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் 4 செ.மீ. இளைத்துவிட்டதாகக் கணக்கு வந்தது. முதலில் அளந்தவர் குட்டையானவர், அடுத்தவர் நெட்டையானவர் என்பதே அதற்குக் காரணம். அன்றிலிருந்து 1.3 மீட்டர் நீளமுள்ள மூங்கில் குச்சியை மரத்தை ஒட்டி நேராக நிறுத்தி, அதன் நுனி தொடும் இடத்தில்தான் நாடாவைச் சுற்றுகிறோம். சரிவான நிலமென்றால் மேட்டுப் பக்கத்தில் ஊன்றுகிறோம். சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும்.

பினாங்கில் அளப்பவர்கள் இன்னோர் அளவும் எடுத்துவைக்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை எழுத்துப்பூர்வ அனுமதியின்றி வெட்டக்கூடாது. அச்சட்டம் அந்தச் சுற்றளவைத் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்கச் சொல்கிறது. அடிமரம் பருத்திருக்கும் என்பதால், 1.3 மீட்டரில் 77 செ.மீ. இருந்த எங்கள் அங்சானா மரம் ஒன்று அரை மீட்டரில் 84 செ.மீ. இருந்தது. அதை வெட்ட வந்த குத்தகையாளரிடம் அந்த எண்ணைக் காட்டித்தான் நிறுத்தினோம்.

கைப்பேசியின் இடக்குறி (ஜிபிஎஸ்) அடர்ந்த நிழலில் பிசகுகிறது. சாலையோர மரம் வாய்க்காலுக்கு அப்பால் நிற்பதாகக் காட்டியதால், அருகிலுள்ள விளக்குக் கம்பத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும் குறிப்பேட்டில் எழுதுகிறோம். படமெடுத்துத் தேதியுடன் சேமிக்கக் கைப்பேசி நன்றாகவே உதவுகிறது. மரம் தேக்கிவைக்கும் கரிமத்தைக் கணக்கிட, அமெரிக்க வனத்துறை 2006இல் வெளியிட்ட ஐ-ட்ரீ போன்ற மென்பொருளுக்கும் மரத்தின் இனமும் விட்டமும்தான் அடிப்படை. விட்டம் தவறினால் அது தரும் கரிமக் கணக்கும் தவறிவிடும்.

ஆணியை முழுவதும் அறைந்து மாட்டிய அலுமினியத் தகடுகளை மூன்றே ஆண்டில் பட்டை உதடுபோல் மூடிக்கொண்டது. 41ஆம் மரத்தில் இப்போது 1 மட்டுமே தெரிகிறது. ஆணியில் இரண்டு விரற்கடை வெளியே விட்டிருக்க வேண்டும்.

அந்த 41ஆம் மரத்தின் சுற்றளவு இவ்வாண்டும் வழக்கம்போல் கூடியிருந்தது. ஆனால் அடிமரம் வேரோடு சேரும் வேர்க்கழுத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டுக்காளான் முளைத்திருந்ததை, மண்டியிட்டுக் குச்சியை ஊன்றும்போது பார்த்தோம். மரச்சுத்தியால் தட்டினால் அந்தப் பக்கம் மட்டும் வெறும் பானைபோல் ஒலித்தது; உள்ளே உளுத்திருக்கலாம். படங்களையும் நான்காண்டு அளவுகளையும் மாநகர் மன்றத்திடம் கொடுத்து, மர மருத்துவரை அனுப்பக் கேட்டிருக்கிறோம்.