நீச்சல் தடாகப் பம்பில் தேய்ந்த புரி: எந்தத் திருத்தம் நின்றது?

கிளிநொச்சிப் பக்கம், ஏ9 வீதியோரத் தங்குவிடுதி ஒன்றின் நீச்சல் தடாகத்தை நான்தான் பராமரிக்கிறேன். பம்பு அமெரிக்க வகை, ஒரு குதிரைவலு. மோட்டரையும் முன்பக்கப் பிளாஸ்ரிக் கூட்டையும் சேர்த்துப் பிடிப்பவை ஆறு திருகாணிகள். கூட்டில் பதித்திருக்கும், உள்ளே திருகுப் புரி வெட்டிய சின்னப் பித்தளைக் குழாய்களில்தான் அவை ஏறும். அந்தக் குழாய்களில் நான்கு தேய்ந்துபோய், 2021 இல் திருத்தினோம். பம்பு இன்றும் ஓடுகிறது. அதனால் எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது தெளிவாகச் சொல்லலாம்.

முதலில் ஏன் தேய்ந்தது என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இங்கே பல இடங்களில் இதுதான் கதை. பழைய ஆணிகள் சில கறல் பிடித்ததும், முன்பு வேலை பார்த்தவர் கடையில் கிடைத்த எம்8 (8 மி.மீ. தடிப்புள்ள மெற்றிக்) ஆணிகளைப் போட்டுவிட்டார். பம்போடு வந்தது 5/16 அங்குல ஆணி. அதன் தடிப்பு 7.94 மில்லிமீற்றர், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அதில் புரிக்குப் புரி இடைவெளி 1.41 மி.மீ., எம்8 இல் 1.25. தொடக்கத்தில் சுகமாகப் போகும், பிறகு இறுகும். நன்றாகப் பிடிக்கிறது என்று நினைத்து ஸ்பானரில் தொங்கினால் பித்தளை சீவுப்பட்டு வரும். லேத்துப் பட்டறை அண்ணை ஆணியைப் பார்த்தவுடனேயே, "தம்பி, இது அங்குல ஆணியெல்லோ, ஆர் எம் எட்டைப் போட்டது?" என்று கேட்டார். அளவுகோலே போதும்: பத்துப் புரியின் நீளம் 14 மி.மீ. வந்தால் அங்குல ஆணி, 12.5 வந்தால் எம்8.

குளோரின் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். பித்தளையிலுள்ள நாகத்தை (சிங்க் உலோகத்தை) அது மெல்ல மெல்ல எடுத்துவிட, மிஞ்சுவது இளஞ்சிவப்பாக, பொருபொருவென்று இருக்கும். ஆணி பிடிக்காவிட்டால் பம்பு ஓடும்போது பின்தட்டின் ஓரத்தால் தண்ணீர் கசியும். அது மோட்டர் பெயறிங்குக்குள் போனால் செலவு வேறு கணக்கு.

இரண்டு ரியூப் கலந்து பூசும் எப்பொக்சிப் பசையைப் பலரும் சொல்வார்கள். நாங்களும் பூசிப் பார்த்தோம், நிற்கவில்லை. இந்தக் கூடு கண்ணாடி நார் கலந்த பொலிப்புரொப்பிலீன் பிளாஸ்ரிக், அதில் சாதாரணப் பசை எதுவும் சரியாக ஒட்டாது. போதாததற்குப் பம்பு இருப்பது தகரக் கொட்டிலுக்குள். சித்திரை வெயிலில் மலிவான பசை இளகிவிடும். அடுத்த முறை ஆணியைக் கழற்றியபோது பசை முழுசாக ஆணியோடே வந்தது.

குழாய் அசையாமல் உள்புரி மட்டும் தேய்ந்திருந்த மூன்று துளைகளுக்கு எம்8 ஹெலிகொயில் (தேய்ந்த புரிக்குப் பதிலாக உள்ளே ஏற்றும் கம்பிச் சுருள்) போட்டோம். 8.3 மி.மீ. துளை போட்டு, அதற்கென்றே வரும் டாப்பால் புரி வெட்டி, கம்பிச் சுருளை ஏற்றுவது. புரி வெட்டிய பிறகு துளை கிட்டத்தட்ட 9.6 மி.மீ. ஆகிவிடும், ஆகவே பித்தளைச் சுவர் மெல்லியதாக இருந்தால் தொடவேண்டாம். நல்ல வேலைதான். ஆனால் சுருளும் ஆணியும் இரண்டுமே ஸ்டெயின்லெஸ் என்பதால் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். ஒரு துளையில் ஆணியைக் கழற்றும்போது சுருளும் சேர்ந்து வந்துவிட்டது. வேறு சுருள் போட்டு, புரிக்குக் கவ்வாமல் தடுக்கும் கிறீஸ் பூசத் தொடங்கிய பிறகு தொல்லை இல்லை. அந்த செட் இங்கே கடைகளில் கிடைக்கவில்லை, கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். மூன்று துளைக்கு அந்த விலை அதிகம்.

நான்காவதில் பித்தளைக் குழாயே பிளாஸ்ரிக்குக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு, வெளியே எம்12, உள்ளே எம்8 புரியோடு 316 வகை ஸ்டெயின்லெஸில் ஒரு குழாய் கடைந்து தந்தார் அண்ணை. துளையைச் சுற்றிப் பிளாஸ்ரிக் தடிப்பாக இருந்ததால்தான் இது முடிந்தது. ஒவ்வொரு வருடமும் வேப்பம்பூ கொட்டும் காலத்தில் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்) அடைத்துக் கூட்டைத் திறக்கவேண்டி வரும். அத்தனை தரம் கழற்றிப் பூட்டியும் அந்தக் குழாய் அசையவில்லை. என்னைக் கேட்டால் இதுதான் முதலிடம்.

பூட்டும்போது மின் டிரில் வேண்டாம். சின்ன ஸ்பானரால், எதிரெதிர் ஆணியாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் போதும், கசிவைத் தடுப்பது ஓ ரிங் என்ற ரப்பர் வளையம்தான். அதற்கு சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள், வசலீன் பூசினால் சிலவகை ரப்பர் ஊதிவிடும்.

மிஞ்சிய இரண்டு துளைகளில் பழைய அங்குலப் புரி இன்னும் நன்றாக இருக்கிறது. ஆறையும் எம்8 ஆக்கிவிடு என்கிறார் முதலாளி. நல்ல புரியைத் துளைக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த இரண்டு ஆணித் தலைகளிலும் சிவப்பு பெயின்ற் தடவி வைத்திருக்கிறேன். அவை தேய்ந்தால் ஹெலிகொயில் இல்லை, நேரே பட்டறைக் குழாய்தான்.