எந்தப் பல்கலைக்கழகத்தில் டி.பி.டி. படிக்கலாம்? படித்து முடித்துச் சில ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அனுபவப் பகிர்வு

டி.பி.டி. என்பது அமெரிக்காவில் பிசியோதெரபிஸ்ட் ஆவதற்கான ‘டாக்டர் ஆஃப் பிசிக்கல் தெரபி’ பட்டம். அதற்கு இடம் தேடும்போது தரவரிசைப் பட்டியலை முதலில் மூடிவைத்துவிடலாம். யு.எஸ். நியூஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம் வெளியிடும் பிசியோதெரபிப் பட்டியல், மற்றப் பல்கலைக்கழகங்களின் துறைத்தலைவர்களும் ஆசிரியர்களும் ஒன்று முதல் ஐந்து வரை போடும் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தயாராகிறது. தேர்ச்சி விகிதம், கட்டணம், களப்பயிற்சி எதுவும் அந்தக் கணக்கில் வராது. ஆராய்ச்சியில் பெயர் எடுத்த துறைகளை மற்றவர்கள் அறிந்திருப்பார்கள். அறிந்தவர்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவருக்கு அந்தப் புகழ் கைகொடுக்கலாம். நோயாளியைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்கவைப்பதே வேலை என்று வருகிறவருக்கு அதனால் என்ன பயன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அமெரிக்காவில் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு டி.பி.டி. முடித்தேன். பட்டியலில் வெகு மேலே இருந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்திருந்தது. கட்டணத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். இப்போது மருத்துவமனையில் வேலை. பல பல்கலைக்கழகங்களிலிருந்து களப்பயிற்சிக்கு வரும் மாணவர்களை மேற்பார்வையிடும் பொறுப்பும் சேர்ந்துகொண்டிருக்கிறது. இந்தப் பொறுப்பில் இருப்பவரை கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், சுருக்கமாக சி.ஐ., என்று சொல்வார்கள். படித்த காலத்தில் என் படிப்பைப் பற்றி எனக்கு இருந்த கருத்துகளில் பாதி, இந்தப் பொறுப்புக்கு வந்த பிறகுதான் முழுமையடைந்தன.

பார்க்க வேண்டிய எண்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் கேப்டி என்ற ஆணையம் மூன்று குறைந்தபட்ச அளவுகளை வைத்திருக்கிறது: இரண்டு ஆண்டுச் சராசரியில், சேர்ந்தவர்களில் 80 சதவீதம் பேர் படிப்பை முடிக்க வேண்டும், உரிமத் தேர்வை இறுதியில் 85 சதவீதம் பேர் தாண்ட வேண்டும், வேலை கிடைத்தவர்கள் 90 சதவீதம் இருக்க வேண்டும். இந்த விவரங்களையும், கட்டணத்தைக் காட்டும் நிதித்தாளையும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் இணையதளத்தில் வெளியிட்டே ஆக வேண்டும். அரை மணி நேரம் ஆற அமர உட்கார்ந்தால் எடுத்துவிடலாம்.

ஆனால் அந்த எண்களைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். ‘இறுதித் தேர்ச்சி’ என்பது, ஒருவர் மூன்றாவது முறை எழுதித் தேறினாலும் தேர்ச்சியாகக் கொள்ளும் கணக்கு. என்.பி.டி.இ. என்ற அந்த உரிமத் தேர்வு ஆண்டுக்கு நான்கு முறைதான் நடக்கிறது. 200 முதல் 800 வரையிலான அளவுகோலில் 600 எடுக்க வேண்டும். ஒருமுறை தவறினால் மூன்று மாதம் போய்விடும். அதற்குள் வேலை தருவதாகச் சொன்னவர் வேறு ஆளை எடுத்திருப்பார். ஆகவே முதல்முறைத் தேர்ச்சியைப் பாருங்கள். அது நூறு சதவீதம் என்று இருந்தால், உடனே படிப்பை முடித்தவர்களின் விகிதத்தையும் பாருங்கள். தேற மாட்டார்கள் என்று தோன்றுபவர்களை இரண்டாம் ஆண்டிலேயே வெளியே அனுப்பிவிட்டு நூறு சதவீதம் காட்டுவது கடினமான வித்தை இல்லை. மாதிரித் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால்தான் உண்மைத் தேர்வுக்கு ஒப்புதல் தரும் இடங்களும் உண்டு. முப்பது பேர் படிக்கும் சிறிய வகுப்பில் ஒருவர் தவறினாலே மூன்று சதவீதத்துக்கு மேல் விழுந்துவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது; ஓர் ஆண்டின் எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

புதிதாகத் தொடங்கிய படிப்புகளுக்கு முழு அங்கீகாரம் இருக்காது, ‘அங்கீகார வேட்பாளர்’ என்ற நிலைதான் இருக்கும். முதல் அணி மாணவர்கள் படிப்பை முடிக்கும் தறுவாயில்தான் கேப்டி முடிவைச் சொல்லும். பெரும்பாலும் நல்லபடியாகவே முடியும். இருந்தாலும் நான் என் குடும்பத்துப் பிள்ளையை முதல் அணியில் சேர்க்க மாட்டேன்.

உடற்கூறியல் ஆய்வகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தானமாக வந்த உடலை மாணவர்களே அறுத்துப் படிப்பது ஒரு முறை. ஏற்கெனவே அறுத்துப் பதப்படுத்தி வைத்த உறுப்புகளைப் பார்ப்பது இன்னொரு முறை. திரையில் முப்பரிமாணப் படம் பார்ப்பது மூன்றாவது. என் பல்கலைக்கழகத்தில் முதல் முறை. அக்குளைத் திறந்து, கொழுப்பை நுனிவிரலால் விலக்கி விலக்கி, கைக்குப் போகும் நரம்புப் பின்னலைத் தேடி எடுக்க எங்கள் மேசைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆனது. புத்தகத்தில் மஞ்சள் நரம்பு, சிவப்புத் தமனி. உண்மையில் எல்லாம் ஒரே சாம்பல் வெள்ளை. விரலுக்கிடையில் உருட்டினால் தமனி குழலாக நசுங்கும், நரம்பு நனைந்த சணல் கயிறு போல நிற்கும். அப்படித்தான் அடையாளம் தெரிந்தது. தோளில் கை வைக்கும்போதெல்லாம் அந்த ஆழம் இன்றும் என் விரலுக்குத் தெரிகிறது. திரையில் படித்த மாணவர்கள் தேர்வில் குறைந்துவிடுவதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு இடங்களும் மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் மட்டும் இதை வைத்து முடிவெடுக்கலாம்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது களப்பயிற்சி. குறைந்தது முப்பது வாரம் முழுநேரக் களப்பயிற்சி இருக்க வேண்டும் என்பது கேப்டியின் விதி. அந்த வாரங்கள் எங்கே கழிகின்றன, யாரிடம் கழிகின்றன என்பதில்தான் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு வருகிறது. விளம்பரத்தில் “எங்களுக்கு நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளுடன் ஒப்பந்தம் இருக்கிறது” என்று இருக்கும். ஒப்பந்தம் என்பது காகிதம். கடந்த இரண்டு ஆண்டுகளில் அவற்றில் எத்தனை இடங்கள் உண்மையிலேயே ஒரு மாணவரை எடுத்துக்கொண்டன என்று கேளுங்கள். தெருத்தெருவாக இருக்கும் வெளிநோயாளர் கிளினிக்குகளில் இடம் கிடைத்துவிடும். பெரிய மருத்துவமனையின் உள்நோயாளர் பிரிவு, பக்கவாத மறுவாழ்வு, குழந்தைகள் பிரிவு ஆகியவற்றுக்குத்தான் அடிதடி.

கடைசி நேரத்தில் மருத்துவமனை கைவிரித்தால் மாற்று இடத்தை யார் தேடுவார்கள் என்றும் கேட்க வேண்டும். சி.ஐ. மகப்பேறு விடுப்பில் போவார், வேலையை விடுவார், கிளினிக்கையே இன்னொருவர் வாங்கிவிடுவார். இதெல்லாம் நடக்கக்கூடியதுதான். எங்கள் களப்பயிற்சி இயக்குநர் அத்தகைய நேரத்தில் தானே தொலைபேசியை எடுத்துப் பழைய மாணவர்களை ஒவ்வொருவராக அழைத்துப் பேசுவார். இப்போது நான் அந்தப் பழைய மாணவர்களில் ஒருத்தி. அவர் எண்ணைப் பார்த்தாலே எதற்கு அழைக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது, மறுக்கவும் முடிவதில்லை. அதே வேலையை ஒரு மின்னஞ்சலோடு முடித்துக்கொண்டு, “ஒரு மாதம் தள்ளிப்போகும்” என்று மாணவரிடம் சொல்லிவிடும் அலுவலகங்களையும் பார்க்கிறேன். ஒரு மாதம் தள்ளினால் பட்டம் தள்ளும், தேர்வுத் தேதி தள்ளும்.

சென்ற ஆண்டு எனக்கு இரண்டு மாணவர்கள் அடுத்தடுத்து வந்தார்கள். முதலாமவர் பெரிய பெயருள்ள இடத்திலிருந்து வந்தவர். முழங்கால் தசைநார்ச் சோதனைகளையெல்லாம் அழகாகச் செய்வார், எந்தச் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்ற எண்களும் அவர் நாக்கு நுனியில் இருந்தன. முந்தைய நாள் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டியை நாற்காலிக்கு மாற்றச் சொன்னேன். இடுப்புப் பட்டையைக் கட்டிவிட்டு உடனே தூக்கப் போனார். சிறுநீர்ப் பை கட்டிலின் மறுபக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் குழாய் பக்கவாட்டுக் கம்பிக்குள் சிக்கியிருந்தது. நாற்காலி அறையின் மூலையில் இருந்தது. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். அடுத்து வந்த பெண், அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சிறிய கல்லூரியிலிருந்து வந்தவள். உள்ளே நுழைந்ததும் முதலில் நாற்காலியை இழுத்து வந்து நோயாளியின் வலுவான பக்கத்தில் போட்டாள், சக்கரத்தைப் பூட்டினாள், குழாய்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் தொடர்ந்தாள், பையை இந்தப் பக்கம் மாற்றினாள், உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். அதன் பிறகுதான் பட்டையில் கை வைத்தாள். அவர்கள் கல்லூரியில் காப்பீடு இல்லாதவர்களுக்காக மாணவர்களே நடத்தும் இலவச கிளினிக் இருக்கிறதாம். முதல் ஆண்டிலிருந்தே உண்மையான நோயாளிகளோடு பழகியிருக்கிறாள். முதலாமவரும் சில வாரங்களில் நன்றாகத் தேறிவிட்டார், திறமைசாலிதான். ஆனால் அந்தச் சில வாரங்களுக்கும் அவர் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்.

அது இன்னொரு விஷயம். களப்பயிற்சிக் காலத்தில் பெரும்பாலும் சம்பளம் கிடையாது, கட்டணம் மட்டும் உண்டு. வேறு ஊருக்கு அனுப்பினால் இரண்டு இடத்தில் வாடகை. கார் இல்லாமல் பல இடங்களுக்குப் போகவே முடியாது. எவ்வளவு தூரம் வரை அனுப்புவார்கள், குலுக்கலில் இடம் பிரிப்பார்களா, விருப்பம் கேட்பார்களா என்பவற்றையெல்லாம் நேர்முகத் தேர்வு நாளில் மூன்றாம் ஆண்டு மாணவர்களைத் தனியாகப் பிடித்துக் கேட்பது நல்லது. ஆசிரியர் பக்கத்தில் நிற்கும்போது அவர்கள் சிரித்துக்கொண்டு மட்டும் இருப்பார்கள்.

என் அக்கா மகள் இந்த ஆண்டு இரண்டு சேர்க்கைக் கடிதங்களோடு அழைத்தாள். “சித்தி, ஒன்று இரண்டே ஆண்டுதான். ஓர் ஆண்டு முன்னாலேயே சம்பாதிக்கத் தொடங்கிவிடலாம் இல்லையா?” என்றாள். கணக்கு தவறில்லை. பேலர் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் பாடங்களை இணையவழியிலும் செய்முறையைச் சில நாள் வளாகத்துக்கு வரவழைத்தும் நடத்தி, இரண்டு ஆண்டில் முடித்துவிடுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற, ஒழுங்கான படிப்புகள்தான். “விடுமுறை இருக்காது. ஒரு பாடத்தில் சறுக்கினால் அடுத்த அணியோடு சேர்ந்து தொடர விடுவார்களா, வெளியே அனுப்பிவிடுவார்களா? அதை எழுத்தில் வாங்கு. மொத்தக் கட்டணத்தையும் கேள், ஆண்டுக் கட்டணத்தைக் கேட்காதே” என்றேன். இரண்டாண்டுப் படிப்பின் மொத்தக் கட்டணம், அவளுக்குக் கிடைத்திருந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டுக் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தது. இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அம்மாவையும் அழைத்துக்கொண்டு மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போனாள்.

கடன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 1993இல் கிரெய்ட்டன் பல்கலைக்கழகம்தான் முதன்முதலில் டி.பி.டி.யைத் தொழிலில் நுழைவதற்கான பட்டமாகத் தொடங்கியது. 2015 இறுதியோடு எல்லாப் படிப்புகளும் டி.பி.டி.யாக மாற வேண்டும் என்றாகிவிட்டது. பட்டம் உயர்ந்த வேகத்தில் சம்பளம் உயரவில்லை என்ற முணுமுணுப்பை எந்த மருத்துவமனைச் சாப்பாட்டு அறையிலும் கேட்கலாம். 2024 மே கணக்குப்படி பிசியோதெரபிஸ்டின் நடுநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) ஆண்டுக்கு 1,01,020 டாலர். எங்கே படித்தாய் என்று கேட்டு யாரும் அதைக் கூட்டித் தருவதில்லை. வீட்டுக்குச் சென்று சிகிச்சை தருகிறீர்களா, வெளிநோயாளர் கிளினிக்கா என்பதுதான் சம்பளத்தை மாற்றுகிறது.

கடன் விதிகளும் மாறியிருக்கின்றன. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கான கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்குக் கிடையாது. சாதாரணப் பட்டமேற்படிப்புக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் ஒரு லட்சம் டாலர். ‘தொழில்முறைப் பட்டம்’ என்ற வகைக்கு ஆண்டுக்கு 50,000, மொத்தம் இரண்டு லட்சம். 2025 இறுதியில் கல்வித்துறை முன்வைத்த வரையறையில் மருத்துவம், பல் மருத்துவம், கைரோபிராக்டிக் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் சிகிச்சை) எல்லாம் தொழில்முறைப் பட்டங்களாக இருந்தன, பிசியோதெரபி இல்லை. 20,500 என்றால் மூன்று ஆண்டுக்கு 61,500. மிச்சம் தனியார் வங்கிக் கடன், அல்லது பெற்றோரின் சேமிப்பு. அரசுக் கடனுக்கும் 2025–26 கல்வியாண்டில் வட்டி 7.94 சதவீதம், படிக்கும்போதே ஏறத் தொடங்கிவிடும். மாணவர் விசாவில் வருகிறவர்களுக்கு அரசுக் கடன் அறவே இல்லை. லாப நோக்கமற்ற மருத்துவமனையில் பத்து ஆண்டு வேலை பார்த்து, தவறாமல் தவணை கட்டினால் மிச்ச அரசுக் கடன் தள்ளுபடியாகும். தனியார் கடனுக்கு அந்த வழியும் கிடையாது.

என் பல்கலைக்கழகத்தில் குறைகளும் இருந்தன. குழந்தைகள் சிகிச்சைப் பாடத்தை அவசர அவசரமாக ஓட்டினார்கள். புள்ளியியல் ஆசிரியர் திரையைப் பார்த்துப் படித்துக்கொண்டே போவார். காப்பீட்டுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி என்று சொல்லித்தரவே இல்லை. வேலையில் சேர்ந்த முதல் மாதங்களில் மாலை வேளைகள் அதிலேயே போயின. ஆனால் குறைந்த கடனோடு வெளியே வந்ததால், சம்பளத்தைப் பார்க்காமல் பிடித்த பிரிவைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. மீண்டும் தேர்வு செய்யச் சொன்னாலும் அங்கேதான் போவேன்.

விண்ணப்பத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பி.டி.கேஸ் என்ற பொதுத் தளம் ஜூன் நடுவில் திறக்கும். இடங்களை வரவர நிரப்பும் பல்கலைக்கழகங்கள் பல, ஆகவே கடைசித் தேதிவரை காத்திருக்க வேண்டாம். ஜி.ஆர்.இ. என்ற பொது நுழைவுத் தேர்வைக் கேட்கும் இடங்கள் குறைந்துவருகின்றன. பிசியோதெரபிஸ்டின் வேலையை உடனிருந்து பார்க்கும் பார்வையாளர் நேரத்தை ஒரே கிளினிக்கில் முடிக்காமல் மருத்துவமனையிலும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு வருகிறவர்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். ‘இடைநிலை டி.பி.டி.’ என்று இணையத்தில் விளம்பரம் செய்யப்படுவது ஏற்கெனவே பிசியோதெரபிஸ்டாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. கேப்டி அதற்கு அங்கீகாரம் தருவதில்லை, அதை முடித்தால் மட்டும் உரிமம் வந்துவிடாது. வெளிநாட்டில் படித்தவர்கள் எஃப்.சி.சி.பி.டி. போன்ற அமைப்பிடம் தங்கள் பாடங்களை மதிப்பிடக் கொடுத்து, விடுபட்டவற்றைப் படித்து, அதன் பிறகு என்.பி.டி.இ. எழுத வேண்டும். எந்த மாநிலத்தில் வேலை செய்யப்போகிறீர்களோ அந்த மாநில உரிமக் குழுவின் விதியை முதலில் படியுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் அது மாறுகிறது. கட்டணத்தைக் கட்டிய பிறகு அங்கே போய்ப் பார்ப்பதில் பயனில்லை.