ஏலகிரி ஏற்றத்தில் எது இழுக்கும்: வி-கிராஸ் 2.5, 1.9, ஹைலக்ஸ் 2.8

இசுஸு வி-கிராஸில் 2016-இல் வந்த 2.5 லிட்டர், அதற்குப் பிறகு வந்த 1.9 லிட்டர், 2022-இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸின் 2.8 லிட்டர். வேலூர்ப் பக்கம் பவரான பிக்கப் வேண்டும் என்று கிளம்புகிறவர் கடைசியில் இந்த மூன்று டீசல் எஞ்சின்களில் ஒன்றில்தான் வந்து நிற்பார். யூடியூபில் ஃபோர்டு ராப்டர் பார்த்துவிட்டு வி8 கேட்பவர்களும் உண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இங்கே எந்த ஷோரூமிலும் அது கிடையாது, விட்டுவிடலாம்.

பேப்பரில் இருப்பதை முதலில் சொல்லிவிடுவோம். 2.5-க்கு 136 பிஎஸ் (குதிரைத்திறன்), டார்க் எனும் இழுவிசை 320 என்எம். 1.9-க்கு, பாரத் ஸ்டேஜ் 6 (பிஎஸ்6) புகை விதிக்கு வந்த வண்டியில், 163 பிஎஸ், 360 என்எம். ஹைலக்ஸுக்கு 204 பிஎஸ். டார்க் மட்டும் மேனுவலில் 420 என்எம், ஆட்டோமேட்டிக்கில் 500 என்எம். எஞ்சின் ஒன்றேதான். மேனுவலில் கியர்பாக்ஸும் கிளட்சும் தாங்கும் அளவுக்கு டார்க்கைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

சேல்ஸ்மேன் சொல்லும் பிஎஸ் கணக்கு 3,000, 3,600 ஆர்பிஎம்மில் வருவது. மேட்டில் லோடோடு அந்தச் சுற்றுக்கு யாரும் போவதில்லை. நம் வேலை எல்லாம் 1,500-க்கும் 2,200-க்கும் நடுவில்தான். டார்க்கையும் சுற்றையும் பெருக்கினால் அந்த இடத்தில் கையில் கிடைக்கும் பவர் தெரிந்துவிடும். 1,800 ஆர்பிஎம்மில் 2.5 கொடுப்பது சுமார் 82 பிஎஸ், ஹைலக்ஸ் மேனுவல் 107, ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் 128. 1.9-க்கு முழு டார்க் வருவதே 2,000-இல்; அங்கே சுமார் 102 பிஎஸ். அதாவது 1.9, பழைய 2.5-ஐ விட நல்ல பலசாலிதான். ஆனால் 2,000 சுற்றைப் பிடித்த பிறகுதான்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இது அப்படியே தெரியும். உள்பக்க வளைவில் வண்டியைத் திருப்பும்போது வேகம் 15 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும், இரண்டாவது கியரில் சுற்றும் கூடவே விழுந்துவிடும். 1.9 மேனுவல் அந்த இடத்தில் ஒரு கணம் மூச்சு வாங்கும். டர்போ எழுந்ததும் சட்டென்று பாயும். சிறிய எஞ்சின் என்பதால் டர்போ காற்று வராதவரை இழுவை இல்லை. பழகாதவர்கள் ஆக்சிலேட்டரை இன்னும் மிதிப்பார்கள். பிறகு பவர் மொத்தமாக வந்து பின் டயர் சறுக்கும். வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு இறக்கிவிடுவதுதான் வழி. வளைவில் பாதி திரும்பியபின் கியர் மாற்றினால் வண்டி நின்றுபோகும், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனை விடமாட்டார்.

2.5 இந்த இடத்தில் அவசரப்படாது. குறைந்த சுற்றிலேயே முனகிக்கொண்டு ஏறும், சத்தம்தான் அதிகம். ஐந்து கியர்தான் என்பதால் ஹைவேயில் 100-ஐத் தாண்டினால் ஓவர்டேக் செய்ய முன்கூட்டியே திட்டம் போட வேண்டியிருக்கும். ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக் வளைவு இருந்ததே தெரியாமல் ஏறிவிடும். பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா போகும் மலைப்பாதையில் கருங்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போய், இடைவெளி கிடைத்ததும் தாண்ட வேண்டியிருக்கிறதே, அங்கே 500 என்எம்மின் மதிப்பு புரியும்.

ஆகவே 1.9 வாங்குவதாக இருந்தால் ஆட்டோமேட்டிக்காக வாங்குவது நல்லது. அதில் கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் அந்த டர்போ தாமதத்தை மறைத்துவிடும். மேனுவலில் கீழ் சுற்றில் கிளட்சைப் பாதி மிதித்துச் சமாளிக்கிற பழக்கம் வந்துவிட்டால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் கருகும். இறக்கத்தில் மட்டும் ஆட்டோமேட்டிக்கை 'டி'-யில் விட்டுவிடக் கூடாது. மேனுவல் மோடுக்குத் தள்ளி 2 அல்லது 3-இல் பிடித்து இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பொன்னேரி அடிவாரம் வருவதற்குள் பிரேக் வாடை வரும். இன்னொன்று: இரண்டு வண்டியின் ஃபோர் வீலும் தேவைப்படும்போது மட்டும் போடுகிற பார்ட்-டைம் வகை. காய்ந்த தார் ரோட்டு வளைவில் 4எச் (நாலு சக்கர இழுவை) போட்டால் முன்னும் பின்னும் சக்கரங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், டயர் தேயும், டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும். சேறு, சரளை, மழை ஈரம் இருந்தால் மட்டும் போதும். பெட்டி காலியாக இருக்கிற மழைநாளில் பின் ஆக்சிலுக்கு மேலே இரண்டு மணல் மூட்டையைக் கட்டிவைத்தால் ஹைலக்ஸின் வால் ஆட்டம் அடங்கும்.

நாள்பட்ட பயன்பாட்டில் இந்த மூன்றையும் பிரிப்பது இழுவையை விட டிபிஎஃப் எனும் டீசல் புகை வடிகட்டிதான். பிஎஸ்4 காலத்து 2.5-இல் அது கிடையாது. பிஎஸ்6 1.9-இலும் ஹைலக்ஸிலும் உண்டு. புகையின் கரித்துகளை சைலன்சர் பாதையில் பிடித்து வைத்து, நிறைந்ததும் எஞ்சினே அதிகப்படி டீசலைச் செலுத்தி, வெப்பத்தை 600 டிகிரிக்கு ஏற்றி எரித்துவிடும். இதற்கு 15 முதல் 20 நிமிடம் நிற்காத ஓட்டம் வேண்டும். காலையில் பிள்ளைகளை விட காட்பாடி, மாலையில் கிரீன் சர்க்கிள் நெரிசல், நடுவில் மண்டிக்கு ஒரு நடை என்று வாரம் முழுக்க ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓட்டினால் அது ஒருநாளும் முழுதாக எரியாது. எரிய ஆரம்பிக்கும், வண்டியை அணைத்துவிடுவோம். அந்த அதிகப்படி டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கும் எஞ்சினில், எரியாதது சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும்.

அதனால்தான் அப்படிப்பட்ட வண்டிகளில் ஆயில் குறைவதை விட ஏறுவதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். சமதரையில், காலையில் எஞ்சின் சூடாகும் முன் டிப்ஸ்டிக்கை எடுங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்து, விரலில் தேய்த்தால் தண்ணியாக, டீசல் வாடை வந்தால் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும். ஹைலக்ஸுக்கு ஃபில்டரோடு ஏழரை லிட்டர் பிடிக்கும். டப்பாவில் சி2 அல்லது சி3 என்று போட்ட, சாம்பல் குறைந்த ஆயிலில் உங்கள் வண்டியின் கையேடு எதைச் சொல்கிறதோ அதுதான் வேண்டும். லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 சிஐ-4 மலிவு என்று ஊற்றினால் அதன் சாம்பல் டிபிஎஃப்பில் போய் உட்கார்ந்துவிடும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது.

டிபிஎஃப்பில் எரிப்பு நடப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. நிற்கும்போது ஐடில் சுற்று வழக்கத்தை விட ஏறியிருக்கும், ஃபேன் இரைச்சலாக ஓடும், மைலேஜ் காட்டி திடீரென்று சரியும், சூடான உலோக வாடை வரும். அந்த நேரத்தில் வீட்டு வாசலுக்கு வந்திருந்தாலும் அணைக்காமல் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள். சத்துவாச்சாரியில் ஹைவே ஏறி வாலாஜா வரை, சுற்று 2,000-க்கு மேல் இருக்கும்படி ஒரே சீராக ஓட்டினால் முடிந்துவிடும். வாரத்துக்கு ஒருமுறை இதை வழக்கமாகவே வைத்துக்கொண்டால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும் நிலைக்கே வராது. அந்தச் சூட்டோடு வண்டியை வைக்கோல் மேலோ, களத்தில் காயப்போட்ட கடலைக் கொடி மேலோ நிறுத்தாதீர்கள், அடியில் தீப்பிடிக்கும். இது டவுன்காரர்களுக்கு மட்டுமான பிரச்சினையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2015-க்கும் 2020-க்கும் இடையில் விற்ற ஹைலக்ஸ், பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல்களின் டிபிஎஃப் கோளாறு ஃபெடரல் நீதிமன்றம் வரை போய், வாங்கியவர்களுக்குச் சாதகமாக 2022-இல் தீர்ப்பு வந்தது. அங்கே சிக்கல் ஹைவே ஓட்டத்திலேயே வந்தது. அதன் பிறகான வண்டிகளில் அமைப்பை மாற்றியிருக்கிறார்கள். ஆனாலும் டவுனுக்குள் மட்டும் ஓட்டப்போகிறவருக்கு எந்த பிஎஸ்6 டீசல் பிக்கப்பையும் மனமாரப் பரிந்துரைக்க முடியாது.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, மே மாதத்தில் 40 டிகிரி சாதாரணம். மலையேற்றத்தில் ஏசி போட்டதும் டெம்பரேச்சர் முள் அசைந்தால் பலரும் நேரே கூலண்ட்டைக் குறை சொல்வார்கள். முதலில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர், இன்டர்கூலர் இடுக்குகளைப் பாருங்கள். பூச்சியும் கிரஷர் தூளும் அடைத்திருக்கும். எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக சாதாரண குழாய்த் தண்ணீர் விட்டால் போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கி, இருந்ததும் போய்விடும். குவாரி ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை சர்வீஸ் புத்தகம் சொல்லும் தூரத்தில் பாதியிலேயே மாற்றுவது நல்லது. மாற்றும்போது பெட்டியின் ரப்பர் விளிம்பு முழுக்கச் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். அங்கே நூலளவு இடைவெளி இருந்தாலும் தூசி ஏர்ஃப்ளோ சென்சாரில் படிந்து இழுவை குறையும், பிறகு டர்போ பிளேடைத் தின்னும். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் இந்த ஊருக்கு வேண்டாம்.

பழைய 2.5-ஐ செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள்தான் இப்போது அதிகம். டிபிஎஃப் தொல்லை இல்லை, கை வைக்கத் தெரிந்த மெக்கானிக் கிடைப்பார். பார்க்கப் போகும்போது பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், வேறொரு காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம். குளிர்ந்த ஸ்டார்ட்டில் நீள செல்ஃப் அடித்தாலோ, ஐடிலில் சுற்று ஏறி இறங்கி ஊஞ்சலாடினாலோ, பெரும்பாலும் டீசல் பம்பில் இருக்கும் எஸ்சிவி எனப்படும் சக்ஷன் கண்ட்ரோல் வால்வுதான் காரணம். இதற்கு முழு பம்பையே மாற்றச் சொல்லும் கடைகள் உண்டு, ஏமாற வேண்டாம். முதலில் டீசல் ஃபில்டர், அடுத்து வால்வு. வால்வு மாற்றியதும் ஸ்கேனர் போட்டு பம்ப் லேர்னிங் (எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புது வால்வைப் பழக்குவது) செய்ய வேண்டும், அதைச் செய்யாமல் விட்டுவிட்டு புது வால்வைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்து, ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை தம்தம்மென்று அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது, எழுந்து வந்துவிடுங்கள்.

மைலேஜில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். ஒரே டீசல் பங்க்கில் ஆட்டோ கட் வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் நிரப்பிப் பார்த்தால் ஹைவேயில் 1.9 கொஞ்சம் முந்தும், ஹைலக்ஸ் கொஞ்சம் பிந்தும். மலையில் மூன்றும் ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிடும்.

லோடுதான் முக்கியம் என்பவர் இந்த மூன்றையும் மறந்துவிடலாம். ஆம்பூருக்குத் தோலும், மண்டிக்குக் கத்திரிக்காய் மூட்டையும் ஏற்ற மகிந்திரா பொலேரோ மேக்ஸ் பிக்கப் எச்டியின் 2,523 சிசி எஞ்சினோ, டாடா யோதா 2.0-வின் 2.2 லிட்டரோ போதும். இரண்டிலும் 2 டன் வரை ஏற்றும் மாடல் உண்டு. 204 பிஎஸ் ஹைலக்ஸுக்கு அனுமதித்த எடை அரை டன்கூட இல்லை.

கடைசியாக ரீமேப். 2.5-இல் எஞ்சின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேர் மாற்றி 30, 40 பிஎஸ் கூட்டித் தருகிறோம் என்பார்கள், வண்டியும் பறக்கத்தான் செய்யும். முதலில் வழுக்குவது கிளட்ச். நாலாவது கியரில் 50-இல் முழு ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் அதுதான் அடையாளம். புது கிளட்ச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள். பிஎஸ்6 வண்டியில் டீசலைக் கூட்டினால் கரியும் கூடும், டிபிஎஃப் இன்னும் சீக்கிரம் நிறையும். அதைக் கழற்றிவிட்டு வெறும் பைப் வைத்துத் தருகிற ஆட்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம், வாரண்டியும் அன்றோடு போகும், விற்கும்போது வாங்க வருபவர் சைலன்சர் முனையில் விரல் விட்டுப் பார்த்தாலே போதும்: டிபிஎஃப் இருக்கும் வண்டியில் விரல் கருக்காது.